அம்மாவின் ஒயினும் என் மெடிக்கலும்

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஏற வேண்டியது விமானத்தில் அல்ல, டாக்டரின் எடை பார்க்கும் மெஷினில். அதற்கும் முன்னால் ஒரு படிவம் இருக்கிறது. கண்ணாடி போடுகிறீர்களா, வலிப்பு வந்ததுண்டா, தூக்கத்தில் நடப்பீர்களா என்று பக்கம் பக்கமாகக் கேட்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். எனக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது. ‘இல்லை’ வரிசையில் மேலிருந்து கீழாக டிக் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தில், போக்குவரத்துக் குற்றம் உள்பட எந்தக் குற்றத்துக்காகவாவது நீதிமன்றத்தில் தண்டனை பெற்றதுண்டா என்று கேட்டிருந்தார்கள். வந்த வேகத்தில் அதற்கும் ‘இல்லை’ என்று போட்டேன்.

வந்த வேகத்தில் என்பது முழு உண்மை அல்ல. பேனா ஒரு விநாடி நின்றது. தண்டனை எங்கே, வெறும் ஃபைன்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட பிறகுதான் டிக் விழுந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சம்பவத்துக்கு வைத்திருந்த பெயரே ‘ஃபைன் விஷயம்’தான். பத்து வருடம் ஒரு பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டால், அந்தப் பெயர்தான் நடந்தது என்று ஆகிவிடுகிறது.

அது கிளாஸ் டூ மெடிக்கல் என்கிற உடல்தகுதிச் சான்றிதழுக்கான படிவம். பயிற்சியில் சேர அந்தச் சான்றிதழ் போதும். ஆனால் சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டுமென்றால் கிளாஸ் ஒன் வேண்டும். அதற்கு மெடிக்கல் போர்டின் முன்னால் போய் நிற்க வேண்டும். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஏழு வருடம் விமானப் பணிப்பெண்ணாக ட்ராலி தள்ளிவிட்டு, அந்த வேலையை ராஜினாமா செய்திருந்தேன். பின்னால் நின்று டீயா காபியா என்று கேட்டது போதும், முன்னால் உட்கார வேண்டும் என்ற வெறி. கிளாஸ் ஒன் கிடைக்காவிட்டால் முன்னாலும் இடமில்லை, பின்னாலும் இடமில்லை.

ஃபைன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இருபத்தொரு வயது. ரிச்சர்ட்ஸ் டவுனில் இன்றைக்கும் இருக்கிற அதே வீட்டில் அம்மாவும் நானும். அப்பா நான் ஒன்பதாவது படிக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அம்மா ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளார்க். பிரின்சிபாலே அவளிடம் கையெழுத்து வாங்கப் பயப்படுவார் என்று சொல்வார்கள். சர்ச்சில் அவளுக்கு வேறொரு புகழ் இருந்தது. நவம்பர் கடைசியில் கறுப்புத் திராட்சை வாங்கி, காம்பு கிள்ளி, கழுவித் துடைத்து, சர்க்கரையும் ஈஸ்டும் ஒரு கைப்பிடி கோதுமையும் பட்டை கிராம்பும் போட்டு, பீங்கான் ஜாடியின் வாயில் துணி கட்டி வைப்பாள். தினமும் மரக்கரண்டியால் ஒரு கிளறு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வடிகட்டினால் ஒயின் ரெடி.

கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்த ஒயினைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு. அது சரக்கு இல்லை. பீர், பிராந்தி, விஸ்கி எல்லாம் சரக்கு. அதைக் குடிக்கிறவன் குடிகாரன், அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். வீட்டு ஒயின் பலகாரம். கேக், கல்கல், முறுக்கு, ஒயின் எல்லாம் ஒரே தட்டில் வரும். பிரசங்கத்தில் குடியைக் கிழிகிழி என்று கிழித்த சர்ச் ஐயரே வீட்டுக்கு வந்து, “சிஸ்டர், இந்த வருஷம் கலர் ரொம்ப நல்லா வந்துருக்குது” என்று இரண்டாவது தடவை டம்ளரை நீட்டுவார். இதில் யாருக்கும் முரண்பாடு தெரிந்ததில்லை. எனக்கும்தான்.

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்டின் டவுனில் பெரியம்மா மகனுடைய குழந்தைக்கு ஞானஸ்நானம். மதியம் பிரியாணி. அம்மாவின் ஒயின் நான்கு பாட்டில். பரிமாறிக்கொண்டே இருந்ததில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் போகிறபோதும் வருகிறபோதும் அம்மா ஊற்றிக் கொடுத்ததைக் குடித்தேன். மூன்று டம்ளர். நான்கு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தேன், பின்னால் அம்மா. அல்சூர் ஏரியைத் தாண்டுவதற்குள் டிராஃபிக் போலீஸ் நிறுத்தினார்கள். புது வருடம் வருகிறதென்று அந்த வாரம் பகலிலும் சோதனை.

“ஊதி மேடம்” என்றார் கான்ஸ்டபிள். அந்தச் சொல் கன்னடத்திலும் தமிழிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஊதினேன். கருவி கத்தியது. எனக்கு உண்மையாகவே ஆச்சரியம், மெஷின் ரிப்பேர் என்று நினைத்தேன். அம்மா இறங்கி முன்னால் வந்து பள்ளி அலுவலகக் கன்னடத்தில் ஆரம்பித்தாள். “சார், இது வைன் சார். மனேலி மாடித்து. நானே மாடித்து.” வீட்டில் செய்தது, நானே செய்தது என்று அதைச் சான்றிதழ் மாதிரி நீட்டினாள். கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஹாகாத்ரே நிம்மன்னே ஹிடீபேகு” என்றார். அப்படியானால் உங்களையல்லவா பிடிக்க வேண்டும் என்று. ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு, கோர்ட்டுக்கு வர வேண்டிய தேதி போட்ட ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார். நாங்கள் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் அம்மா அந்தக் கருவியைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

கோர்ட்டுக்கு அம்மாவும் கூட வந்தாள். அறை நிறைய என்னைப் போலப் பிடிபட்ட ஆண்கள், அவர்களில் நான் ஒருத்தி பெண். என் முறை வந்தபோது நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “தப்பு ஒப்கோதீரா?” என்று கேட்டார். தப்பை ஒப்புக்கொள்கிறாயா என்பது யாருக்குத்தான் புரியாது. “ஹௌது”, ஆமாம் என்றேன். அவர் ஏதோ சொன்னார், எழுத்தர் கடகடவென்று ஏதோ படித்தார். என் கன்னடம் காய்கறிக் கடையிலும் பஸ்ஸிலும் கற்றது. கோர்ட்டுக் கன்னடம் அதற்கு எட்டவில்லை. ‘ஷிக்ஷெ’ என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது.

எங்கள் சர்ச் தமிழில் சிட்சை என்று ஒரு சொல் இருக்கிறது. பிள்ளை மேல் பாசம் உள்ள தகப்பன் கண்டித்துத் திருத்துவதற்குப் பெயர் சிட்சை. ஞாயிறு பள்ளியில் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆகவே ஜட்ஜ் என்னைக் கண்டித்து அனுப்பிவிட்டார், கண்டிப்பு முடிந்தது, இனி ஃபைன் மட்டும் கட்டினால் போதும் என்று நானாக ஒரு மொழிபெயர்ப்பு செய்துகொண்டேன். கன்னடத்தில் ஷிக்ஷெ என்றால் சுத்தமான தண்டனை. கண்டிப்பும் இல்லை, பாசமும் இல்லை.

ஃபைன் கட்டிவிட்டு வந்தபோது ஒரு போலீஸ்காரர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அம்மா திரும்பி வந்து, “உக்காரு பாப்பா. ரசீது குடுக்க சாயங்காலம் ஆகுமாம்” என்றாள். பெஞ்சில் உட்கார்ந்தோம். பதினொரு மணியிலிருந்து ஐந்து மணிக்கு மேல் வரைக்கும். அம்மா வெளியே போய் பன்னும் டீயும் வாங்கி வந்தாள். நானும் கூடப் போகலாமென்று எழுந்தபோது ஒரு பெண் போலீஸ், “நீவு கூத்கோளி” என்று உட்காரச் சொன்னார். பாத்ரூம் போனபோது அவரும் வாசல் வரை கூட வந்தார். பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கோர்ட்டில் எவ்வளவு பாதுகாப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஒரு காகிதம் வந்தது, அம்மா வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். டிரைவிங் லைசென்ஸை ஆறு மாதம் முடக்கினார்கள். பஸ்ஸில் போனேன். விஷயம் அத்தோடு முடிந்தது.

அதன் பிறகு விமானப் பணியில் சேர்ந்தேன். போலீஸ் வெரிஃபிகேஷனில் ஒன்றும் வரவில்லை. அந்த வேலையில் பறப்பதற்கு முன்னால் கருவியில் ஊத வேண்டும். ஏழு வருடம் ஊதினேன், ஏழு வருடமும் பூஜ்யம். குடிக்காதது பெரிய காரியம் இல்லை. ரம் ஊற்றிய கிறிஸ்துமஸ் கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். சொந்தக்காரர்கள் என்னைச் சாமியாரிணி என்று கேலி செய்தார்கள். அம்மா கேலி செய்யவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் ஒயின் போடவில்லை. சர்ச்சில் கேட்டவர்களிடம் திராட்சை இப்போதெல்லாம் நன்றாக வருவதில்லை என்று சொல்லிவிட்டாள். ஜாடியில் அரிசி கொட்டி வைத்தாள். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கிளாஸ் டூ வாங்கிப் பயிற்சியில் சேர்ந்து எட்டு மாதம் இருக்கும். விமானச் சட்டங்கள் பற்றிய வகுப்பில், ஓய்வுபெற்ற விமானி ஒருவர் மெடிக்கல் படிவத்தைப் பற்றிப் பேசினார். பலரும் ஒரு தப்பு செய்கிறார்கள் என்றார். ஜட்ஜ் முன்னால் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டியிருந்தால் அது வெறும் ஃபைன் அல்ல, குற்றம் நிரூபணமாகித் தண்டனை ஆகிவிட்டது என்று அர்த்தம். பழைய குற்றத்தை மன்னிப்பார்கள், மறைத்ததை மன்னிக்க மாட்டார்கள் என்றார்.

எனக்குச் சுரீரென்றது. சுரீரென்றால் நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. கையைத் தூக்கி, “சார், ஸ்கூட்டருக்கும் ஏரோப்ளேனுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “ரெண்டுலயும் பின்னாடி ஒருத்தர் நம்பி உக்காந்திருக்காங்கம்மா” என்றார். என் பின்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று அவருக்குத் தெரியாது. நான் கையை இறக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கோர்ட்டுக் காகிதத்தைக் கேட்டேன். “அதுவா, எப்பவோ எலி கடிச்சிடுச்சி” என்றாள். எங்கள் வீட்டில் எலியைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் நம்பினேன். கோர்ட்டில் மனுப் போட்டு, நான்கு முறை அலைந்து, தீர்ப்பின் நகலை வாங்கினேன். முழுக்க முழுக்கக் கன்னடம், அதுவும் கையெழுத்து. பள்ளியில் மூன்றாவது மொழியாகப் படித்த கன்னடத்தில் நான் பஸ் போர்டுதான் படிப்பேன். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருந்துகொண்டு, என்னைப் பற்றி இந்த ஊர் எழுதியதை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

கோர்ட் வாசலில் டைப் அடிக்கும் பெண்மணி ஒருவர் இருந்தார். மர்பி டவுன் தமிழ்க்காரர், கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. காகிதத்தைக் கொடுத்து, இங்கிலீஷில் மொழிபெயர்த்து அடித்துத் தரச் சொன்னேன். அவர் முதலில் வாய்விட்டுப் படித்தார். பிறகு எனக்காகத் தமிழில் சொன்னார்.

“குற்றவாளின்னு தீர்மானிச்சி, ஃபைனும், கோர்ட்டு எழுந்திருக்கற வரைக்கும் சாதா ஜெயிலும்னு போட்டுருக்குதும்மா.”

“ஜெயிலா? நான் ஜெயிலுக்கே போகலியே!”

“போயிட்டு வந்துட்டீங்கம்மா. அன்னிக்கி சாயங்காலம் வரைக்கும் உள்ளாற பெஞ்சில உக்கார வெச்சிருப்பாங்களே, அதான் ஜெயிலு. ஜட்ஜ் எழுந்து போனாருன்னா உங்களுக்கு விடுதலை.”

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பன் சாப்பிட்டுக்கொண்டே தண்டனை அனுபவித்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிறகு அவருடைய ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் போலீஸ் பாத்ரூம் வாசல் வரை ஏன் வந்தார் என்று பத்து வருடம் கழித்து அந்த ஸ்டூலில்தான் எனக்குப் புரிந்தது.

அன்று மதியம் அம்மாவுக்கும் எனக்கும் பெரிய சண்டை. ஜெயில் என்று போட்டிருக்கிறது மம்மி என்று நான் சொன்னபோது அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “அப்படியா போட்டிருக்கான்” என்றாள். அப்புறம், “யாருக்குத் தெரியும் இப்போ? போலீஸ் வெரிஃபிகேஷன்ல வரல. ஏழு வருஷம் ஏர்லைன்ல வரல. நீயாப் போயி நான் குடிகாரின்னு எழுதிக் குடுப்பியா?”

“குடிகாரின்னு எழுதல. ஒரு நாள் குடிச்சிட்டு வண்டி ஓட்டினேன்னு எழுதறேன்.”

“அது ஒயின்.”

“ஒயின்லயும் அதேதான் மம்மி இருக்குது! இன்னும் எத்தனை நாளைக்கு இதையே சொல்லுவே? ஊத்தி ஊத்திக் குடுத்தது நீதானே!”

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. அம்மா அடுப்படிக்குப் போய்ச் சும்மா பாத்திரத்தைக் கழுவினாள். மூன்று டம்ளரையும் என் வாயில் யாரும் புகட்டவில்லை. ஸ்கூட்டர் சாவியைத் திருகிய கை என் கை. இதெல்லாம் தெரிந்தும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. என் கோபம் அப்படி. வந்தால் சீக்கிரம் போகும், ஆனால் வாயைத் திறந்து மன்னிப்பு மட்டும் கேட்காது.

நான் உண்மையைச் சொல்லத் தீர்மானித்ததைப் பெரிய நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முக்கால்வாசி பயம். என்றைக்காவது யாராவது தோண்டி எடுத்தால் லைசென்ஸோடு சேர்த்து எல்லாம் போகும். மீதிக் கால்வாசிக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு எனக்கு உடம்பு சரியில்லை, இன்றைக்கு நான் சரியாகத் தூங்கவில்லை, இன்றைக்கு நான் ஓட்டக் கூடாது என்பதை ஒரு விமானி தன் வாயால்தான் சொல்ல வேண்டும். எந்த மெஷினும் அதைக் கண்டுபிடிக்காது. முதல் படிவத்திலேயே பொய் சொன்னவள் அன்றைக்கு மட்டும் எப்படி உண்மை சொல்வாள் என்று நான் என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

கிளாஸ் ஒன் படிவத்தில் அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று போட்டேன். தீர்ப்பின் நகலையும் மொழிபெயர்ப்பையும் இணைத்தேன். கிளாஸ் டூவில் ‘இல்லை’ என்று போட்டது தவறு, ஃபைன் கட்டினால் தண்டனை ஆகாது என்று நினைத்திருந்தேன் என்று தனியாக ஒரு கடிதமும் வைத்தேன். கண், காது, ரத்தம், இதயம் எல்லாம் பார்த்தார்கள். எதிலும் குறையில்லை. மூன்றாவது நாள் மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள்.

அவர் வடநாட்டுக்காரர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மெதுவான இங்கிலீஷ். என்ன குடித்தேன், எவ்வளவு, அதற்கு முன்னால், அதற்குப் பின்னால், வீட்டில் யாருக்காவது பழக்கம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அதிலெல்லாம் எனக்குத் திக்கவில்லை. பிறகு பேனாவை வைத்துவிட்டு, “சாயங்காலம் வரை காவலில் இருந்திருக்கிறீர்கள். அது தண்டனை என்று உங்களுக்குத் தெரியவில்லை என்கிறீர்கள்” என்றார்.

“ரசீதுக்குக் காத்திருக்கிறோம் என்று நினைத்தேன், சார்.”

அவர் என்னையே பார்த்தார். சொல்லும்போதே எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. படித்த பெண், சொந்த ஊர், ஆறு மணி நேரம் ஒரு பெஞ்சில். யார் நம்புவார்கள்? குடித்தது பத்து வருடத்துப் பழைய கதை, அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘இல்லை’ என்று போட்டது போன வருடம். தெரிந்தே போட்டேனா, தெரியாமல் போட்டேனா என்பதில்தான் என் கிளாஸ் ஒன் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து யாரையாவது அழைத்து வாருங்கள், பேச வேண்டும் என்றார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்.

அம்மா சர்ச்சுக்குக் கட்டுகிற பட்டுப் புடவையில் வந்தாள். “குட் மார்னிங் டாக்டர்” என்று பள்ளி அலுவலக இங்கிலீஷில் கம்பீரமாக ஆரம்பித்தாள். மகள் குடிப்பாளா என்றார். நான் செய்யும் கேக்கைக்கூடத் தொடுவதில்லை டாக்டர் என்றாள். அன்றைக்கு எவ்வளவு குடித்தாள் என்றார். சொந்தக்காரர்களிடம் எப்போதும் ‘அரை டம்ளர்’ என்று சொல்கிறவள், “மூன்று. நான்தான் ஊற்றினேன். சாப்பிடாமல் இருக்கிறாள் என்று தெரிந்தும் ஊற்றினேன்” என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்ததாக டாக்டர், கோர்ட்டில் அன்றைக்கு உங்கள் மகளுக்கு என்ன புரிந்தது என்று கேட்டார்.

அம்மாவின் இங்கிலீஷ் அங்கே நின்றது. அவள் டாக்டரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் பேச ஆரம்பித்தாள்.

“அந்தப் போலீஸ்காரர் எங்கிட்ட சொன்னாரு பாப்பா. இது ஜெயில் ஷிக்ஷெம்மா, கோர்ட்டு முடியற வரைக்கும் பொண்ணு எங்க கஸ்டடில இருக்கணும், நீங்க வீட்டுக்குப் போயிட்டு அஞ்சு மணிக்கு வாங்கன்னாரு. நான்தான் உங்கிட்ட ரசீதுன்னு சொல்லிட்டேன். என் ஒயினைக் குடிச்சதுக்கு நீ ஜெயில்ல உக்காந்திருக்கேன்னு எந்த வாயால சொல்லுவேன்?” கைப்பையைத் திறந்தாள். நாலாக மடித்த ஒரு பழைய காகிதத்தை மேஜை மேல் வைத்தாள். “எலி கடிக்கல. பீரோவுலதான் வெச்சிருந்தேன்.”

“என்ன சொல்கிறார்?” என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

எனக்கு அம்மா மேல் வந்த கோபத்தை இங்கே எழுதினால் அச்சில் ஏறாது. பத்து வருடம். இரண்டு மெடிக்கல். நான்கு முறை கோர்ட்டு அலைச்சல். ஜெயில் என்று போட்டிருக்கிறது என்று நான் கத்தியபோது, அப்படியா போட்டிருக்கான் என்று கேட்டாளே. அத்தனையும் ஒரே நேரத்தில் வாய் வரை வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. அவள் சொன்னதை நான் இங்கிலீஷில் சொன்னால் நான் பொய்க்காரி இல்லை என்று ஆகும். அவள் பொய்க்காரி என்று ஆகும். பள்ளியில் ஒரு ரிஜிஸ்டரில்கூடத் தப்பு எழுதாதவள் என்று பெயர் வாங்கியவள். நான் மேஜை மேலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சொல்லுடீ” என்றாள் அம்மா. “ஒண்ணும் விடாம சொல்லு.”

சொன்னேன். ஒயின், போலீஸ்காரர், ரசீது, பீரோ, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். பாதியில் டாக்டர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், அதில் அவருக்கும் ஓர் எழுத்தும் புரியவில்லை. பிறகு அம்மாவிடம், “அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டார்.

அம்மா இங்கிலீஷுக்குத் திரும்பினாள். “அப்புறம் அவள் சந்தோஷமாக இருந்தாள், டாக்டர்.”

அவர் எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. முதலில் மூன்று மாதத்துக்குத் தகுதியில்லை என்றும், அதற்குள் ஒவ்வொரு மாதமும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு திரும்ப வர வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. மூன்று மாதம் கழித்துப் போனேன், ஃபிட் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழ் வந்த நாளில் நான் குதித்ததாகவோ அழுததாகவோ நினைவில்லை. டாக்டர் அறையிலிருந்து நாங்கள் திரும்பிய ஆட்டோதான் நினைவில் நிற்கிறது.

ஆட்டோவில் அம்மா கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திட்டுவேன் என்று அவள் தயாராக இருந்தாள். நானும் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் வாயைத் திறந்தபோது வேறு ஏதோ வந்தது.

“அவரு உன்ன வீட்டுக்குப் போகச் சொன்னாரு இல்ல? ஏன் மம்மி போகல? அவ்ளோ நேரம் அந்த பெஞ்சில உக்காந்திருந்தியே.”

இதைக்கூடவா கேட்பார்கள் என்பது போல அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீ ஜெயில்ல இருக்கறப்போ நான் வீட்டுக்குப் போயி என்ன பண்றது?” என்றாள்.